வெறுஞ்சட்டியாய்த் திரும்பாத தூக்குச்சட்டி

அந்த வாரத்தின் மூன்றாவது தூக்குச்சட்டி வந்து சேர்ந்தபோது எலியேசர் வாத்தியார் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பம்பை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார். பக்கத்து வீட்டு சபீதா ஒரு கையால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையில் இருந்த சட்டியை வாசல்படியில் வைத்தாள்.

"பேரீச்சம்பழம் சார். அக்காவுக்கு."

"நேத்துதானம்மா குடுத்தீங்க."

"அது நேத்தைக்கு சார்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பக்கத்து வீடு என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். இரண்டு வீடுமே சபீதா வீட்டாருடையவை. பாளையங்கோட்டையில் ஒரே காம்பவுண்டுக்குள் பெரிய வீட்டில் சபீதாவும் அவள் மாமியாரும் இருந்தார்கள். சின்ன வீட்டில் எலியேசர் நான்கு வருடமாக வாடகைக்கு இருந்தார். சபீதாவின் கணவர் ஹபீப் முகம்மது சவூதியில் வேலை பார்த்தார். இரண்டு வீட்டிலும் ஒரு வார இடைவெளியில் பிரசவம் ஆகியிருந்தது. அங்கே ரியாஸ் என்று ஒரு பையன். இங்கே ஸ்டெபி.

ஸ்டெபி, எலியேசருக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்தவள். பிரசவத்தில் இன்பமணிக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கறாராகச் சொல்லி அனுப்பினார். மூன்று மாதத்துக்குக் குடம் தூக்கக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது, எங்கேயும் அலையக் கூடாது. தினமும் ஐந்து பேரீச்சம்பழம் சாப்பிட வேண்டும். ரத்தமும் ஊறும், பாலும் ஊறும், காலையில் வயிறும் கஷ்டப்படுத்தாது. எலியேசர் அறிவியல் வாத்தியார். சொன்னதையெல்லாம் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, அன்றைக்கே மார்க்கெட்டில் ஒரு பொட்டலம் வாங்கினார். அது கத்தியால் வெட்டி எடுக்க வேண்டிய அளவுக்கு ஒரே கட்டியாக இருந்தது. அந்தக் கட்டியைச் சபீதா பார்த்துவிட்டாள். மறுநாள் பெரிய வீட்டிலிருந்து முதல் தூக்குச்சட்டி வந்தது. உள்ளே இருந்தது சவூதிப் பழம். ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன்.

முதல் சட்டிக்கு எலியேசர் சந்தோஷப்பட்டார். இரண்டாவதற்கு நன்றி சொன்னார். மூன்றாவதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவர் மாமியார் எலிசபெத்துக்குத் தெரிந்திருந்தது. பிரசவம் பார்க்க உடன்குடியிலிருந்து ஒரு ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டியோடு வந்திருந்த அம்மாள் அவர்.

"வெறுஞ்சட்டியா அனுப்பக் கூடாது, மாப்பிள்ளை" என்று சொல்லி, கழுவித் துடைத்த சட்டியில் இரண்டு கருப்பட்டியைப் போட்டு அனுப்பினார். பெரிய வீட்டுக்காரர்களும் வெறுஞ்சட்டி அனுப்பும் ஜாதி இல்லை. கருப்பட்டி போன சட்டி பேரீச்சம்பழத்தோடு திரும்பி வந்தது. அது மறுபடி கருப்பட்டியோடு போனது. இப்படியே மூன்று வாரமாகச் சட்டிக்கு ஓய்வில்லை.

எலியேசர் இதைப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் தில்லைநாயகத்திடம் சொன்னார். அவர் எதையும் தில்லைநாயகத்திடம் சொல்லாமல் இருந்ததில்லை. அது காம்பவுண்டுக்கே தெரியும். "இந்த மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு சொன்னா, சாயங்காலத்துக்குள்ள தில்லைநாயகம் வீட்டு அடுப்படி வரைக்கும் போயிரும்" என்று எலிசபெத் ஒருமுறை மகளிடம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. அதையும் அவர் தில்லைநாயகத்திடம் சொல்லிவிட்டார்.

தில்லைநாயகம் ஏழு வாடகை வீடு கண்டவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வீடு பாக்க ஆரம்பிச்சாச்சா?"

"எதுக்கு?"

"ஒமக்கு ஒண்ணுமே தெரியாதுவே. வீட்டுக்காரன் எதுக்குக் குடியிருக்கவனுக்குப் பண்டம் குடுக்கான்? தச்சநல்லூர்ல இருந்தேன்லா. மூணு வருசமாப் பச்சத்தண்ணி குடுக்காத மனுசன் ஒருநாள் அரைக் கிலோ அல்வாவோட வந்து நிக்கான். மறுநாள் சொல்லுதான், மவளுக்குக் கல்யாணம், வீடு வேணும்னு. தின்ன வாய் எப்படிவே எதுத்துப் பேசும்?"

"இவங்க அப்படி இல்ல."

"அல்வாக்காரனும் அப்படி இல்லன்னுதான் நானும் நெனச்சேன். அந்தச் சவூதிக்காரரு எப்ப வாராரு?"

"அடுத்த வாரம். லீவுக்கு."

"லீவுக்கா, ஒரேயடியாவா?"

எலியேசருக்கு இது தோன்றவே இல்லை. "கேட்டுப் பாத்துருதேன்" என்றார்.

"கேட்டீர்னா நீரே ஞாபகப்படுத்துன மாதிரி ஆயிரும். வாயத் தொறக்காதீரும். பைய, அவங்க சொல்ல முடியாதபடி செஞ்சிரும்."

அன்று கடைசி இரண்டு பீரியடும் எலியேசர் என்ன நடத்தினார் என்று பையன்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அது தொண்ணூற்று நாலாம் வருடம். பாளையங்கோட்டையில் கைக்குழந்தையோடு வீடு கேட்டுப் போனால், குழந்தை அழுமா, துணி எங்கே காயப்போடுவீர்கள் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கிடைக்கும் வீடும் மாடியில்தான் கிடைக்கும். இன்பமணி மாடி ஏறக் கூடாது. இங்கே கிணறு பத்தடியில் இருந்தது. பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவள் காலை நீட்டிப் படுத்து உடம்பைத் தேற்றிக்கொள்ள இந்த ஒரு வீடுதான் அவருக்கு இருந்தது. அது போய்விட்டால் அவளை எங்கே கொண்டுபோய்ப் படுக்கவைப்பது?

சொல்ல முடியாதபடி செய்வதென்றால் வாங்கியதற்கு மேலாகக் கொடுத்துவிட வேண்டும். அவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். "ரெண்டு பத்தாது அத்தை, ஆறு கருப்பட்டி வைங்க" என்றார். எலிசபெத் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆறு வைத்தார்.

மறுநாள் காலையில் பெரிய வீட்டு அம்மாள், சபீதாவின் மாமியார், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். "சார்வாள், ஒங்க மாமியார் கருப்பட்டியில காப்பி போட்டேன். வாய்க்கு நல்லா இருந்துச்சு. ஒங்க பொஞ்சாதிக்குப் பால் எல்லாம் எப்படி? எங்க வீட்டுல அந்தக் கொறையே வந்ததில்ல பாத்துக்கிடுங்க. நான் ஆறு பெத்தேன், ஆறுக்கும் சங்கு வச்சதில்ல, புட்டி வச்சதில்ல."

பக்கத்தில் ரியாஸை வைத்துக்கொண்டு நின்ற சபீதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் இரண்டு தூக்குச்சட்டி வந்தது.

எலியேசர் வேறு யோசனை செய்தார். சட்டி இருந்தால்தானே வரும்? "அத்தை, சட்டியத் திருப்பி அனுப்பாதீங்க. ரெண்டும் இங்கனயே கெடக்கட்டும்."

எலிசபெத் அனுப்பவில்லை. மறுநாள் பழம் ஒரு சருவத்தில் வந்தது. அதற்கு மறுநாள் மூடிபோட்ட எவர்சில்வர் வாளியில் வந்தது. இப்போது வீட்டுக்காரரின் பாத்திரங்கள் நான்கு இவர் அடுப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பழத்தைத் தின்றதும் போதாமல் பாத்திரத்தையும் அமுக்கிவிட்டான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் என்ன பதில் சொல்வது?

அவர் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி கரைந்தது. கவலை இன்னும் கூடிவிட்டது. இவ்வளவு நல்ல பழத்தை எவனும் சும்மா கொடுக்க மாட்டான்.

தின்றால்தானே வாய் அடைக்கும் என்று மறுநாள் வாளியைச் சைக்கிள் கேரியரில் கட்டி ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோய்விட்டார். எட்டு வாத்தியார்கள் தின்றார்கள். தில்லைநாயகம் மட்டும் பதினொரு கொட்டை துப்பினார். "அல்வாவ விட இது மோசமான அறிகுறிவே" என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டாவதை எடுத்தார்.

சாயங்காலம் இன்பமணி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"வாளிப் பழத்த யாரு எடுத்தா?"

"நான்தான். வாத்திமாருக்குக் குடுத்தேன்."

"எதுக்குக் குடுத்தீங்க? அது நான் திங்கதுக்குல்லா வந்தது."

"டாக்டரம்மா அஞ்சுதான சொன்னாங்க? நீ காலையில பத்து, ராத்திரி பத்து திங்க. அது போக ஒரு செம்பு பாலு, ரெண்டு செம்பு தண்ணி. மூணே முக்காக் கிலோ புள்ளைக்கு எதுக்குட்டி இவ்வளவு?"

"பசிக்குது."

"புள்ள பெத்தவ திங்கத எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, மாப்பிள்ளை" என்றார் எலிசபெத். "குடிக்க வாய்க்குத் தக்கனதான் பாலு ஊறணும். பாலு ஊற இவ திங்கணும்."

எலியேசர் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். குழந்தையின் எடை இவ்வளவு, குடிக்கும் பால் இவ்வளவு, அதற்குத் தாய்க்கு வேண்டிய சாப்பாடு இவ்வளவு. இன்பமணி தின்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. ஆனால் அவள் சதை போட்டதாகவும் தெரியவில்லை. எங்கேயோ தப்பிவிட்டோம் என்று நினைத்துத் தாளை மடித்து வைத்துவிட்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் யார் அவரிடம் சொல்வது?

சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம். வழக்கத்துக்கு மாறாக அவர் பன்னிரண்டரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. எலிசபெத் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து குரோசா ஊசியோடு பூப்பின்னல் போட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள யாரு?"

"சபீதா. பின்னல் படிக்க வந்திருக்கா."

"பின்னல் சொல்லிக்குடுக்கது நீங்க. நீங்க வெளிய இருக்கீங்க?"

"அவ உள்ள இருந்து போட்டுப் பாக்கா."

கொஞ்ச நேரத்தில் சபீதா தோளில் ரியாஸைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எலியேசரைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். பையன் வாயைத் திறந்து நல்ல தூக்கத்தில் இருந்தான்.

எலியேசர் உள்ளே போனார். ஜன்னலில் புதிதாக ஒரு பச்சைத் திரை தொங்கியது.

"இது யாரு போட்டது?"

"சபீதாதான்" என்றாள் இன்பமணி. "ஜன்னல் கதவு சரியா அடையல, வெளிய தெரியும்னு அவளே தச்சுக் கொண்டாந்து மாட்டுனா. கதவுக்கும் ஒரு தாப்பா போட்டுத் தரேன்னு சொல்லிருக்கா."

கட்டில் மேல் சபீதாவின் பின்னல் கிடந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார். ஒரு மாதமாகத் தினமும் மத்தியானம் வந்து படிக்கிறாள். பின்னல் ஒரு சாண் கூட வளரவில்லை. எலியேசருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பின்னல் சும்மா சாக்கு. வீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டு போகிறாள். திரை போட்டாயிற்று. இனித் தாழ்ப்பாள். அப்புறம் வெள்ளையடிப்பு. அப்புறம் நாம் வெளியே.

அன்று சாயங்காலமே திருவனந்தபுரத்திலிருந்து ஒரு டாக்சி வந்து பெரிய வீட்டு வாசலில் நின்றது. ஹபீப் முகம்மது இறங்கினார். மூன்று பெட்டி இறங்கியது. லீவுக்கு வருகிறவனுக்கு எதற்கு மூன்று பெட்டி? எப்போதும் வந்ததும் ஒரு எட்டு வந்து "சார்வாள், சுகமா" என்று கேட்கிற மனிதர் இந்தத் தடவை வரவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லக் கஷ்டமாக இருக்கும் என்று எலியேசர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனையில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். கை சுத்தமாக இருந்தால் வாய் திறந்து மூன்று மாதம் தவணை கேட்கலாம். வீட்டுக்கு வந்தபோது இன்பமணியும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எலிசபெத் குளித்துக்கொண்டிருந்தார். எலியேசர் மிச்சமிருந்த பழத்தையெல்லாம் பாத்திரங்களில் அள்ளிப் போட்டு, இரண்டு நடையாகப் பெரிய வீட்டுப் பின்வாசலுக்குக் கொண்டுபோனார். நல்லவேளை, வெறுஞ்சட்டியாகத் திருப்பிக் கொடுக்கவில்லை.

சபீதா கதவைத் திறந்தாள். பாத்திரங்களைப் பார்த்தாள்.

"இனிமே வேண்டாம்மா" என்றார் எலியேசர். "இத்தோட நிறுத்திக்கிடுவோம்."

சபீதாவின் முகம் விழுந்துவிட்டது. "அக்காவுக்கு முடியலையா சார்?"

"அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா. நான்தான் சொல்லுதேன். எதுக்காகப் பழம் வருதுன்னு எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். நான் ஒங்களத் தப்பாச் சொல்லல. ஒங்களுக்குத் தேவை, கேக்கீங்க. ஆனா எங்களுக்கும் ஒரு பச்சப்புள்ள இருக்குல்லாம்மா? அதையும் நீங்க நெனச்சுப் பாக்கணும்."

சபீதாவின் கண் நிறைந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கதவைப் பைய சாத்தினாள். எலியேசருக்கு மனசு சங்கடப்பட்டது. ஆனாலும் பேச வேண்டியதைக் கண்ணியமாகப் பேசிவிட்டோம் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தார்.

மத்தியானம் சபீதா பின்னல் படிக்க வரவில்லை. பன்னிரண்டரைக்குப் பெரிய வீட்டில் ரியாஸ் அழ ஆரம்பித்தான். ஒரு மணிக்கும் அழுதான். ஒன்றரைக்கு அந்த அழுகை சுவரைத் தாண்டி வந்து எலியேசரின் சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்துகொண்டது. இன்பமணி கட்டிலை விட்டு எழுந்து வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள். ரவிக்கை நனைந்து, நெஞ்சு கனத்து வலிக்கிறது என்று சொன்னாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு சுட்டது.

"பழம் இன்னைக்கு ஒண்ணும் திங்கலைல்லா, அதான்" என்றார் எலியேசர், மெல்லிய குரலில். தான் செய்த காரியத்தின் முதல் பலன் அவருக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. "நான் போயி மார்க்கெட்டுல வாங்கிட்டு வாரேன்."

"மார்க்கெட்டுல எதுக்கு? சருவம் நெறைய இருந்துச்சே?"

"திருப்பிக் குடுத்துட்டேன்."

இன்பமணி நின்றாள். "யாருகிட்ட?"

"சபீதாகிட்ட."

"என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

அவர் ஒரு வரி விடாமல் சொன்னார். ஞாபகசக்தி உள்ள மனிதர். கேட்கக் கேட்க இன்பமணி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இந்த மனுசன என்ன செய்ய?"

எலிசபெத் செருப்பை மாட்டினார். பின்னல் பையைக் கையில் எடுத்தார். அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது.

ஹபீப் முகம்மது நின்றார். கையில் பழைய தூக்குச்சட்டி. அவருக்குப் பின்னால் சபீதா, தோளில் வீறிடும் ரியாஸோடு.

"உம்மா இப்பதான் கண்ணசந்தாங்க" என்றார் ஹபீப் தணிந்த குரலில். "அதான் வந்தோம். சார்வாள், ஒரு விஷயம் பேசணும்."

இன்பமணி எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் சபீதாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். எலிசபெத் அவர்கள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினார். எலியேசர் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. காலையிலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்ததை அவர் சொல்லியாக வேண்டியிருந்தது.

"உக்காருங்க. நீங்க சொல்ல வேண்டாம், எனக்கே புரியுது. ஒங்களுக்குத் தேவைன்னு வரும்போது நாங்க பிடிச்சு வச்சுக்கிட முடியாது. ஆனா அவ உடம்பு தேறணும். ஒரு மூணு மாசம்னு வச்சுக்கிடுவோம்."

"மூணு மாசம் எப்படிப் பத்தும் சார்வாள்?" ஹபீப்பின் குரல் கெஞ்சுவது போல இருந்தது. "ரெண்டு வருசம்னு கேக்கணும். அவ்வளவு கேக்க எனக்கு வாய் வரல. ஒரு ஆறு மாசமாவது வேணும்."

எலியேசர் விழித்தார். மூன்று மாதம் கேட்டவனுக்கு ஆறு மாதம் எடுத்துக்கொள் என்று கெஞ்சுகிற வீட்டுக்காரர் தில்லைநாயகத்தின் ஏழு வீட்டிலும் இருந்ததில்லை.

"அப்ப ஆறு மாசம் இருந்துக்கிடலாமா?"

"எங்க?"

"இந்த வீட்டுலதான்."

"வீட்டுக்கு என்ன வந்துச்சு? நீங்க பத்து வருசம் இருங்க. ஒங்களப் போகச் சொன்னது யாரு?"

இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் எலியேசருக்கு அப்படியே இறங்கியது. உட்கார்ந்தார். சிரிக்கக்கூட வந்தது. ஆனால் ஹபீப் தூக்குச்சட்டியை அவர் முன்னால் வைத்ததும் அவருடைய பழைய ரோஷம் எட்டிப் பார்த்தது.

"அப்படின்னாலும் இது வேண்டாம் ஹபீப். சும்மா வாங்கித் தின்னு எனக்குப் பழக்கமில்ல. மனசாரச் சொல்லுதேன், ஒரே ஒரு பழம்தான் நான் தின்னேன். ஒரு வாளி நெறையப் பள்ளிக்கூடத்துல வாத்திமாருக்குத்தான் குடுத்தேன். எங்களுக்குன்னு தந்ததுல மிச்சத்தையும் நாங்க வச்சுக்கிடல."

உள்ளே அழுகை நின்றிருந்தது. சாத்தியிருந்த கதவை ஹபீப் ஒருமுறை பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியை இன்னும் கொஞ்சம் எலியேசரின் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"ஒங்களுக்குத் தந்தோம்னு யாரு சொன்னா, சார்வாள்? இது எம் மவன் ரியாஸுக்குள்ள சாப்பாடு. அத வாத்திமாரு தின்னுட்டா, அவனுக்குக் குடுக்க அக்காவுக்குப் பாலு எப்படி ஊறும்?"